ராணியை விட்டு நகராத கேமரா

வெளிர்நீல அறை. சாய்வு இருக்கையில் ஒரு பெண் சாய்ந்து கிடக்கிறாள். பணிப்பெண் ஒருத்தி அவள் காலில் காலணி மாட்டுகிறாள். சுற்றிலும் ரோஜா நிறக் கேக்குகள். விரலை நீட்டி ஒரு கேக்கின் க்ரீமை வழித்து வாயில் வைத்துக்கொள்கிறாள். அப்புறம் தலையைத் திருப்பி நேராக நம்மைப் பார்க்கிறாள். அவ்வளவுதான், சில விநாடிகள்.

பிரெஞ்சுப் புரட்சியில் கில்லட்டினால் தலை வெட்டப்பட்ட ராணி மரி அன்டோனெட் என்றதும் உலகத்தின் மனதில் இருநூறு வருஷமாகத் தோன்றும் சித்திரம் இதுதான். ஊர் பட்டினி கிடக்கும்போது கேக் தின்றவள். இயக்குநர் சோஃபியா கொப்போலா 2006-இல் எடுத்த 'மரி அன்டோனெட்' திரைப்படம் அதை மறைக்கவில்லை, முதல் ஷாட்டிலேயே எடுத்து வைக்கிறது. மீதி இரண்டு மணி நேரமும் அந்தச் சித்திரத்துக்குப் பின்னால் இருந்த பெண்ணைத் தேடிப் போகிறது.

முதல் தடவை பார்த்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. பசியும் புரட்சியும் எங்கே என்று தேடிக்கொண்டே இருந்தேன். இரண்டாவது தடவை வேறொன்றைக் கவனித்தேன். படம் முழுக்கக் கேமரா எங்கே நிற்கிறது, எங்கே போக மறுக்கிறது என்று. வெறுக்கப்பட்ட ஒரு ராணிமேல் நமக்கு இரக்கம் வர வைக்க இந்தப் படம் கையாளும் வழி அதற்குள்தான் இருக்கிறது. படம் விட்டுவிட்ட விஷயங்களுக்கான காரணமும் அதற்குள்தான்.

வெறுப்பு எப்படிச் சேர்ந்தது

1755 நவம்பர் 2-ஆம் தேதி வியன்னாவில், ஆஸ்திரியாவை ஆண்ட மரியா தெரேசாவின் 15-ஆவது குழந்தையாகப் பிறந்தாள். ஆஸ்திரியாவும் பிரான்சும் தலைமுறை தலைமுறையாகச் சண்டை போட்ட நாடுகள். 1756-இல் இரண்டும் கூட்டு சேர்ந்தன. அந்தக் கூட்டைக் கல்யாணத்தால் இறுக்கிக் கட்ட வேண்டும் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். 1770 மே மாதம் வெர்சாய் அரண்மனையில் கல்யாணம். பெண்ணுக்கு 14 வயது. மாப்பிள்ளை, பிரெஞ்சு ராஜா பதினைந்தாம் லூயியின் பேரனும் பட்டத்து இளவரசனுமான லூயி, அவனுக்கு 15. நாலே வருஷத்தில் பதினைந்தாம் லூயி அம்மை நோயில் இறந்துபோக, 18 வயதில் அவள் பிரான்சின் ராணி.

ஆகவே வெறுப்பின் முதல் அடுக்கு அவள் செய்த எதுவும் இல்லை, அவள் பிறந்த நாடு. 'ஆஸ்திரியக்காரி' என்று கூப்பிட்டார்கள். பிரெஞ்சில் அந்தச் சொல்லின் கடைசிப் பகுதி பெட்டை நாயைக் குறிக்கும் சொல்லாகவும் ஒலிக்கும். கூப்பிட்டவர்களுக்கு அது நன்றாகவே தெரியும்.

இரண்டாவது அடுக்கு, குழந்தை இல்லாதது. கல்யாணமாகி ஏழு வருஷம் தாம்பத்தியமே முழுமையாக நடக்கவில்லை. 1777-இல் அவள் அண்ணன் ஜோசஃப் வெர்சாய்க்கு வந்து மைத்துனரிடம் நேரில் பேசிய பிறகுதான் நிலைமை மாறியது. அந்த ஏழு வருஷமும் குற்றம் அவள் தலையில். வியன்னாவிலிருந்து அம்மா எழுதிய கடிதங்களிலும் அதே குற்றம். அவளுக்குக் காதலர்கள் இருக்கிறார்கள், பெண்களோடு தொடர்பு இருக்கிறது என்று ஆபாசத் துண்டுப் பிரசுரங்கள் அச்சாகி ஊரெல்லாம் சுற்றின.

அப்புறம் பணம். இங்கே கொஞ்சம் நின்று கணக்கைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அவளுக்கு ஒட்டிய பட்டம் 'பற்றாக்குறைச் சீமாட்டி'. ஆடைக்கு அவளுக்கு வருஷத்துக்கு ஒதுக்கியது 1,20,000 லிவர் (அன்றைய பிரெஞ்சு நாணயம்). 1785-இல் அவள் செலவழித்தது சுமார் 2,58,000 லிவர், ஒதுக்கியதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். ஊதாரித்தனம்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் பிரான்சு திவாலானது அதனால் இல்லை. அமெரிக்க விடுதலைப் போருக்கு உதவியதில் மட்டும் 100 கோடி லிவருக்கு மேல் போயிற்று. 1788-ஆம் வருஷத்துச் செலவுக் கணக்கில் ஏறக்குறைய பாதி பழைய கடனை அடைக்கவே சரியாகப் போனது. அரசவைச் செலவு மொத்தமும் சேர்த்து 6 சதவீதம் அளவில்தான். பிரபுக்களும் திருச்சபையும் தங்கள் பங்கு வரியைக் கட்டாத ஒரு நாட்டில், கண்ணுக்குத் தெரிந்த செலவாளி அவள் ஒருத்தி. பழி அவள்மேல் விழுந்தது.

கேக் வசனத்தையும் இங்கேயே முடித்துவிடலாம். 'ரொட்டி இல்லையென்றால் பிரியோஷ் சாப்பிடட்டும்' என்று ஒரு பெரிய இளவரசி சொன்னதாகத் தத்துவஞானி ரூசோ தன் சுயசரிதையில் எழுதுகிறார். பிரியோஷ் என்பது வெண்ணெயும் முட்டையும் சேர்த்த ரொட்டி, அதுதான் வழக்கில் 'கேக்' ஆனது. பெயர் சொல்லவில்லை. அவர் அந்தப் பகுதியை எழுதிய காலத்தில் மரி அன்டோனெட் வியன்னாவில் இருந்த சிறுமி. அவள் சொல்லாத ஒரு வாக்கியம் அவள் வாழ்க்கையை விட நீண்ட ஆயுளோடு இருக்கிறது.

படம் நின்ற இடம்

அன்டோனியா ஃப்ரேசர் 2001-இல் எழுதிய வாழ்க்கை வரலாற்றை அடிப்படையாக வைத்துக் கொப்போலா திரைக்கதை எழுதினார். ராணியாக கிர்ஸ்டன் டன்ஸ்ட், ராஜாவாக ஜேசன் ஷ்வார்ட்ஸ்மன். செலவு சுமார் 4 கோடி டாலர். வெர்சாய் அரண்மனைக்குள்ளேயே படம்பிடிக்க அனுமதி கிடைத்தது. அது சின்ன விஷயம் இல்லை. அந்த அறைகளின் உண்மையான உயரமும் நீளமும் சட்டகத்துக்குள் வரும்போது, ஒரு சிறுமி அதில் எவ்வளவு சின்னவளாகத் தெரிகிறாள் என்பது தானாகவே விளங்கிவிடுகிறது.

அவளை இரக்கத்தோடு காட்டிய முதல் படமும் இது இல்லை. 1938-இல் ஹாலிவுட் எடுத்த படத்தில் நோர்மா ஷியரர் ராணியாக நடித்தார். அந்தப் படம் வியன்னாவில் தொடங்கிக் கில்லட்டின் மேடை வரைக்கும் போகிறது. அந்த வழி நமக்குப் பழகியது. ஒருத்தி எவ்வளவு தப்பு செய்திருந்தாலும், சாவின் முன் நிமிர்ந்து நிற்பதைக் காட்டினால் பார்ப்பவர் மனது இளகிவிடும். கடைசி அரை மணி நேரம் முன்னால் நடந்ததையெல்லாம் கழுவிவிடும்.

கொப்போலா அந்தக் கண்ணீரைத் தொடவே இல்லை. அவர் படம் 1789 அக்டோபரில், ராஜ குடும்பம் வெர்சாயை விட்டுக் கிளம்பும் வண்டியில் நின்றுவிடுகிறது. கில்லட்டின் இன்னும் நாலு வருஷம் தள்ளி இருக்கிறது. சிறை, விசாரணை, மேடை எதுவும் இல்லை. அப்படியென்றால் இரக்கத்தை வேறு எங்கிருந்தாவது எடுக்க வேண்டும். அவர் அதை அன்றாடத்திலிருந்து எடுத்தார்: காலையில் எழுவது, உடுத்துவது, சாப்பிடுவது, படுப்பது. கேமரா அவள் பக்கத்திலேயே நிற்கிறது. ராஜாவும் மந்திரிகளும் பேசும் சில துண்டுக் காட்சிகளைத் தவிர, அவளுக்குத் தெரியாத எதுவும் நமக்கும் தெரிவதில்லை.

எல்லையில்

முதல் பெரிய காட்சி ஒப்படைப்பு. ஆஸ்திரியப் பெண் பிரெஞ்சுப் பெண்ணாக மாற வேண்டிய இடம். காட்டுக்கு நடுவில் ஒரு கூடாரம். அந்தப் பக்கமாக உள்ளே போகிறாள், இந்தப் பக்கமாக வெளியே வருகிறாள். நடுவில் பிறந்த வீட்டுத் துணியெல்லாம் கழற்றப்படுகிறது. மடியில் வைத்துக் கொண்டுவந்த சின்ன நாயையும் வாங்கிக்கொள்கிறார்கள். எத்தனை பிரெஞ்சு நாய் வேண்டுமோ அத்தனை வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு பதில்.

புகுந்த வீட்டுக்குப் போன எந்தப் பெண்ணுக்கும் அந்த இடத்தில் தொண்டை அடைக்கும். வரலாறு தெரிய வேண்டியதில்லை, ஆஸ்திரியா எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரிய வேண்டியதில்லை. பெயரும் உடையும் நாயும் போய், கூடாரத்தின் மறுவாசலில் அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெளியே வரும்போது, முதல் ஷாட்டில் கேக் வழித்த பெண்ணை நாம் மறந்தே போயிருக்கிறோம்.

உண்மையில் அந்த ஒப்படைப்பு காட்டில் நடக்கவில்லை. ஸ்ட்ராஸ்பூர்க் பக்கத்தில் ரைன் நதியில் உள்ள ஒரு தீவில், அதற்கென்றே மரத்தால் கட்டிய கூடத்தில் நடந்தது. அப்போது அந்த ஊரில் மாணவனாக இருந்த ஜெர்மன் கவிஞர் கத்தே அந்தக் கூடத்தைப் போய்ப் பார்த்துத் திடுக்கிட்டுப்போனார். சுவரில் தொங்கவிட்ட திரைச்சீலைகளில் ஜேசனும் மெடியாவும். கிரேக்கக் கதைகளிலேயே மிகக் கோரமாக முடிந்த கல்யாணம் அது. புதுப்பெண் வந்து நிற்கப்போகும் இடத்தில் இதையா மாட்டுவார்கள் என்று கேட்டார். எந்த இயக்குநரும் விடாத விவரம். ஆனால் கொப்போலா அதைக் கையில் எடுக்கவில்லை, எடுக்காததும் சரி என்றே நினைக்கிறேன். அந்தத் திரைச்சீலையைக் காட்டினால் அது அவள் தலையெழுத்தைப் பற்றிய எச்சரிக்கையாகிவிடும். அந்த நிமிஷத்தில் அவளுக்குத் தலையெழுத்து தெரியாது, நாய் போய்விட்டது என்பது மட்டும்தான் தெரியும்.

ஒரு சட்டையும் நாலு கைகளும்

படத்தின் இதயம் என்று நான் நினைப்பது உடுத்தும் காட்சி. வெர்சாயில் முதல் காலை. அவளைச் சுற்றி ஒரு கூட்டமே நிற்கிறது. உள்சட்டையை அவளிடம் நீட்டும் உரிமை அங்கே இருப்பவர்களில் பதவியில் உயர்ந்தவருக்கு. ஒருத்தி நீட்டப் போகும்போது அவளைவிட உயர்ந்தவள் உள்ளே வருகிறாள். சட்டை கை மாறுகிறது. அவளுக்கும் மேலே இன்னொருத்தி வருகிறாள், மறுபடி கை மாறுகிறது. அதுவரைக்கும் அந்தப் பெண் உடம்பில் துணியில்லாமல், கைகளால் மார்பை மறைத்துக்கொண்டு நிற்கிறாள். இது அபத்தம் என்கிறாள். ஜூடி டேவிஸ் நடித்த நொவாய் சீமாட்டி முகத்தில் ஒரு கோடுகூட மாறாமல், இதுதான் வெர்சாய் என்கிறார்.

இது கற்பனை இல்லை. ராணியின் பணிப்பெண்களில் ஒருவரான மதாம் காம்பான் தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். குளிர்காலம். சட்டை காம்பான் கையில் தயாராக இருக்கிறது. அந்தப்புரத் தலைவி உள்ளே வந்து கையுறையைக் கழற்றிச் சட்டையை வாங்குகிறார். கதவைச் சுரண்டும் சத்தம். அங்கே கதவைத் தட்டக் கூடாது, நகத்தால் சுரண்ட வேண்டும். ஓர்லியான் சீமாட்டி வருகிறார். சட்டையை நேராக அவரிடம் கொடுக்கக் கூடாது, முதலில் காம்பானிடம் திரும்பி வந்து அப்புறம்தான் அவருக்குப் போகும். மறுபடி கதவைச் சுரண்டும் சத்தம். இந்தத் தடவை ராஜாவின் தம்பி மனைவி, அதாவது ராணியின் ஓரகத்தி. ராணி நடுங்குவதைப் பார்த்துக் கையுறையைக்கூடக் கழற்றாமல் சட்டையைப் போட்டுவிடுகிறார், அதில் கொண்டை கலைந்துவிடுகிறது. எரிச்சலை மறைக்க ராணி சிரித்தாளாம். ஆனால் வாய்க்குள் 'என்ன கொடுமை, என்ன தொல்லை' என்று முணுமுணுத்ததைக் காம்பான் கேட்டிருக்கிறார்.

காம்பான் சொல்வது ராணியான பிறகு நடந்த விஷயம். அதிகாரம் உள்ள ஒரு பெண், சிரித்துச் சமாளிக்கத் தெரிந்தவள். கொப்போலா அதையே எடுத்து, நேற்று வந்த 14 வயதுச் சிறுமியின் முதல் காலையில் வைத்தார். நடந்த விஷயம் அதேதான், நேரம் மட்டும் மாறியது. அந்த ஒரு நகர்த்தலில் தொல்லை அவமானமாகிவிடுகிறது. இரக்கம் வர வைப்பதற்காகப் பொய் சொல்ல வேண்டியதில்லை, உண்மையைச் சரியான இடத்தில் வைத்தால் போதும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. வரலாற்றுக்காரர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்பதும் தெரியும். அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு.

மூடிய கதவும் புதுச் செருப்பும்

அடுத்தது, ஊதாரித்தனத்தைப் படம் எப்படிக் கையாளுகிறது என்பது. வெள்ளையடிக்கும் படமாக இருந்தால் அதை மறைத்திருக்கும், இல்லையென்றால் யாரோ கெட்டவர்கள் அவளைத் தூண்டிவிட்டதாகக் காட்டியிருக்கும். இங்கே அப்படி இல்லை.

ஓரகத்திக்குப் பிள்ளை பிறக்கிறது. ராணிக்கு இன்னும் இல்லை. வாழ்த்தி முடித்து நீண்ட நடைவழியில் நடந்து வருகிறாள், வழி நெடுகக் குத்தல் பேச்சு. உண்மையிலும் அப்படித்தான். 1775 ஆகஸ்டில் இன்னொரு ஓரகத்தியான அர்த்துவா சீமாட்டிக்கு ஆண் குழந்தை பிறந்தபோது, சந்தைப் பெண்கள் அரண்மனைக்குள்ளேயே பின்னால் வந்து, நீ எப்போது வாரிசு பெறுவாய் என்று கத்தினார்கள் என்று காம்பான் எழுதுகிறார். படத்தில் அவள் முகத்தைக் கலைய விடாமல் அறை வரைக்கும் வருகிறாள். கதவை மூடுகிறாள். அப்புறம் கதவுப் பக்கமாகவே சரிந்து உட்கார்ந்து அழுகிறாள். டன்ஸ்டுக்கு அந்த இடத்தில் ஒரு வரி வசனம்கூட இல்லை.

அதை அடுத்து வருவதுதான் எல்லோருக்கும் நினைவிருக்கும் மான்டேஜ்: செருப்பு, பட்டுத்துணி, விசிறி, ஷாம்பெய்ன், சீட்டாட்டம், கேக், வானுயரக் கொண்டை, பின்னால் 1980-களின் துள்ளல் பாட்டு. கதவுக்குப் பின்னால் அழுதவளும் இதில் சிரிப்பவளும் ஒருத்திதான் என்று எடிட்டிங்கே சொல்கிறது. செலவு நியாயம் என்று சொல்லவில்லை. செலவு எங்கிருந்து வந்தது என்று மட்டும் காட்டுகிறது. குழந்தை பெறுவதைத் தவிர வேறு எந்த வேலையும் தரப்படாத ஒரு பெண், அந்த ஒரு வேலையும் தன் கையில் இல்லாதபோது, கையில் இருந்ததைக் கொண்டு என்ன செய்தாள் என்று.

அந்தச் செருப்புக் குவியலுக்குள் ஒரு கான்வர்ஸ் ஷூ தெரியும். படம் வந்தபோது அதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். அது தவறுதலாக விழுந்தது இல்லை, வேண்டுமென்றே வைத்தது. பதின்வயதுப் பெண் என்பதை நினைவூட்டும் ஒரு கண்ணசைவு. என் மட்டில் அது இல்லாமலும் காட்சி நின்றிருக்கும், அந்தப் பாட்டு அதே வேலையை ஏற்கெனவே செய்துவிட்டது.

கைதட்டல்

இரண்டு கைதட்டல் காட்சிகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். புதிதாக வந்த நாட்களில் ஒரு ஓபரா. பாட்டு முடிந்ததும் மகிழ்ச்சியில் கைதட்டிவிடுகிறாள். அரசவை நிகழ்ச்சியில் கைதட்டக் கூடாது என்று பக்கத்தில் சொல்கிறார்கள். அவள் நிறுத்தவில்லை, மற்றவர்களையும் தட்டச் சொல்கிறாள். அரங்கமே சேர்ந்து தட்டுகிறது. பல வருஷம் கழித்து இன்னொரு ஓபரா. அதேபோல எழுந்து தட்டுகிறாள். ஒருவரும் சேரவில்லை. அவள் கை ஓசை மட்டும் கேட்கிறது, அப்புறம் அதுவும் நின்றுவிடுகிறது.

ஒரு நாட்டின் மனம் மாறியதை இந்தப் படம் காட்டும் விதம் இவ்வளவுதான். கலவரம் இல்லை, கூட்டம் இல்லை, பேச்சு இல்லை. அவளுக்கு எப்படித் தெரிந்திருக்குமோ அப்படியே நமக்கும் தெரிகிறது. கேமரா நகராமல் இருப்பதன் பலன் முழுதாகக் கிடைக்கும் இடம் இது.

கேக் வசனமும் ஒரு தடவை வருகிறது. துண்டுப் பிரசுரங்களில் சித்திரிக்கப்பட்ட ராணி குளியல் தொட்டியில் சாய்ந்து அதைச் சொல்கிறாள். உடனே கட். நிஜ ராணி தோழிகளிடம், என்ன பிதற்றல், நான் ஒருபோதும் அப்படிச் சொல்ல மாட்டேன் என்கிறாள். இதற்கு முன்பே, வெர்சாயில் அவளுக்கென்று இருந்த சின்ன மாளிகையான த்ரியானோனின் தோட்டத்துப் புல்வெளியில் உட்கார்ந்து அதே தோழிகளுக்கு ரூசோவை வாய்விட்டுப் படிக்கும் காட்சி வந்துவிட்டது. இயற்கை நிலையில் மனிதன் எப்படி இருந்தான் என்ற பகுதி. அந்த வசனம் யாருடைய புத்தகத்திலிருந்து கிளம்பியதோ அந்த மனுஷனைத்தான் அவள் ஆசையாகப் படிக்கிறாள். 1780-இல் அவள் எர்மனோன்வில் தோட்டத்தில் ரூசோவின் கல்லறையைப் போய்ப் பார்த்ததும் உண்மை.

கேமரா போகாத இடங்கள்

சரி, இதற்குக் கொடுத்த விலை என்ன?

பெரிய விலை, பசி. அவள் ராணியான மறுவருஷமே, 1775 வசந்தத்தில், மாவு விலை ஏறிக் கலவரம் வெடித்தது. கலவரக்காரர்கள் வெர்சாய் ஊருக்குள்ளேயே வந்தார்கள். 1788 ஜூலையில் கல்மழை பயிரை அழித்தது, அதை அடுத்து வந்தது கடுங்குளிர். 1789 தொடக்கத்தில் பாரிசில் நாலு பவுண்டு ரொட்டி 14 சூவைத் தாண்டியது (20 சூ ஒரு லிவர்). கூலிக்காரருக்கு நாள் கூலியே 20 முதல் 30 சூ. குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு ஒரு ரொட்டி வாங்கினாலே பாதிக் கூலி போய்விடும். இது எதுவும் படத்தில் இல்லை. அக்டோபர் மாதம் ரொட்டி கேட்டுப் பாரிசிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் மழையில் நடந்து வந்த பெண்கள் படத்தில் இருட்டில் தீப்பந்தத்தோடு ஒரு இரைச்சலாகத்தான் வருகிறார்கள். முகம் இல்லை.

அரண்மனைக்கு அவர்கள் அப்படித்தான் தெரிந்திருப்பார்கள், ஆகவே இது படத்தின் வழிமுறைக்கு உட்பட்டதுதான் என்று வாதாடலாம். நான் அந்த வாதத்தைப் பாதி மட்டும் ஏற்கிறேன். 1775-இல் முடிசூட்டு விழா முடிந்ததும் அவள் அம்மாவுக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. தங்களுக்கே கஷ்டம் இருந்தும் மக்கள் நம்மை இவ்வளவு அன்பாக நடத்துகிறார்கள், அவர்கள் நன்மைக்காக உழைக்க நாம் இன்னும் கடமைப்பட்டிருக்கிறோம் என்ற பொருளில் எழுதுகிறாள். அப்படியென்றால் மக்கள் கஷ்டத்தில் இருக்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்த பிறகும் 1785-இல் ஒதுக்கீட்டைப் போல இரண்டு மடங்கு ஆடைக்குப் போனது. படம் அவளை எதுவும் தெரியாதவளாக வைத்திருப்பது ஒரு சலுகை. அந்தக் கடிதத்தைச் சேர்த்திருந்தால் பாத்திரம் இன்னும் சிக்கலாகியிருக்கும். நம் இரக்கமும் அவ்வளவு சுலபமாக வந்திருக்காது, ஆனால் வந்தால் நின்றிருக்கும்.

இரண்டாவது, வைர மாலை விவகாரம். இதை விட்டது முதலில் எனக்குப் புரியவே இல்லை. 1785-இல் வெடித்த வழக்கு. 647 வைரம், விலை 16 லட்சம் லிவர். நகைக்காரர்கள் அதைப் பதினைந்தாம் லூயியின் காதலி மதாம் துபாரியை மனதில் வைத்துச் செய்தார்கள். பிறகு மரி அன்டோனெட்டிடம் காட்டினார்கள், அவள் வேண்டாம் என்றாள். ழான் த லா மொத் என்ற ஏமாற்றுக்காரி, ராணி பேரில் போலிக் கடிதங்கள் தயாரித்து, ராத்திரி தோட்டத்தில் ராணி போல வேஷம் போட்ட ஒரு பெண்ணைக் காட்டி, ராணிக்காகத்தான் மாலையை வாங்குகிறோம் என்று ரொஆன் என்ற கத்தோலிக்கக் கார்டினலை நம்ப வைத்து, அதைச் சுருட்டிவிட்டாள். ராணிக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் 1786 மே 31-ஆம் தேதி கார்டினல் விடுதலையானபோது, ஊர் அதை ராணிக்கு எதிரான தீர்ப்பாகவே எடுத்துக்கொண்டது. அப்படி நடந்துகொள்ளக் கூடியவள்தான் அவள் என்று நீதிமன்றமே ஒப்புக்கொண்ட மாதிரி.

அவள்மேல் இரக்கம் வர வைக்க விரும்பும் படத்துக்கு இதைவிட வசதியான சம்பவம் கிடைக்காது. ஏன் விட்டார்கள்? யோசித்துப் பார்த்தால் காரணம் எளிது. அந்த விவகாரத்தின் முக்கியமான காட்சி எதிலும் ராணி இல்லை. அது முழுக்க அவள் முதுகுக்குப் பின்னால் நடந்தது. அவளை விட்டு நகர மாட்டேன் என்று தீர்மானித்த கேமராவால் அதைச் சொல்ல முடியாது. தன் விதியை மீறாமல் இருக்க, கையில் கிடைத்த சிறந்த சாட்சியையே படம் விட்டுக்கொடுத்திருக்கிறது.

ஓவியக் காட்சி மட்டும் அந்த இழப்பைக் கொஞ்சம் ஈடுகட்டுகிறது. குழந்தைகளோடு ராணி இருக்கும் ஓவியம் சுவரில். அடுத்த ஷாட்டில் கைக்குழந்தை இல்லாத ஓவியம் அதே இடத்தில். அப்புறம் ஒரு சின்னச் சவப்பெட்டி. 1787 ஜூனில் மகள் சோஃபி ஒரு வயதுகூட நிறையாமல் இறந்தாள். விஜே லெ ப்ரன் வரைந்த உண்மையான ஓவியத்தில் தொட்டில் காலியாக இருக்கிறது, மூத்த மகன் அதைக் கை நீட்டிக் காட்டுகிறான். அந்த வருஷக் கண்காட்சியில் ஓவியம் வருவதற்கு முன்னால் வெறும் சட்டம் மாட்டியிருந்த இடத்தைப் பார்த்து, 'இதோ பற்றாக்குறை' என்று கிண்டல் செய்தார்கள். மகள் செத்து மூன்று மாதம்கூட ஆகவில்லை.

நிறுத்திய இடம்

2006 மே மாதம் கான் திரைப்பட விழாவில் பத்திரிகையாளர் காட்சியில் சிலர் படத்தைக் கூச்சலிட்டு எதிர்த்தார்கள். அடுத்த வருஷம் மிலேனா கனோனெரோவுக்கு ஆடை வடிவமைப்புக்காக ஆஸ்கர் கிடைத்தது. வசூல் சுமாராகத்தான் இருந்தது. பிரான்சில் கோபம் வந்ததற்குக் காரணம் புரிகிறது. அவர்களுக்கு இது குடியரசு பிறந்த கதை, அதில் குடிமக்களையே காணோம் என்றால் சும்மா இருப்பார்களா?

என் மனத்தாங்கல் வேறு. படம் 1789-இல் நின்றதால் தப்பித்துக்கொண்டது, இழக்கவும் செய்தது. தப்பித்துக்கொண்டது என்னவென்றால், 1792 மார்ச். ஆஸ்திரியாவோடு போர் மூளும் நேரம். பிரெஞ்சுப் படையின் திட்டத்தை மரி அன்டோனெட் ஆஸ்திரியத் தரப்புக்கு எழுதி அனுப்பினாள். இது துண்டுப் பிரசுரக்காரன் கட்டிய கதை இல்லை, நிஜமாக நடந்தது. கேக் வசனத்தை மறுத்த அதே படம் இந்தக் கடிதத்தின் முன்னால் என்ன செய்திருக்கும்? 14 வயதுச் சிறுமியாக அவளை நேசித்த நாம் அப்போதும் அவள் பக்கத்தில் நின்றிருப்போமா? கடினமான கேள்வி அதுதான், படம் அந்தத் தெருவுக்கே போகவில்லை.

இழந்தது விசாரணை. 1793 அக்டோபர் 14. புரட்சிப் பத்திரிகையாளர் எபேர் எழுந்து, அவள் தன் எட்டு வயது மகனோடு தகாத உறவு வைத்திருந்தாள் என்று சாட்சி சொன்னார். அவள் பதில் சொல்லவில்லை. ஏன் பேசவில்லை என்று ஜூரி ஒருவர் வற்புறுத்தினார். ஒரு தாய்மேல் சுமத்தப்பட்ட இப்படிப்பட்ட குற்றத்துக்குப் பதில் சொல்ல இயற்கையே மறுக்கிறது, இங்கே இருக்கும் எல்லாத் தாய்மார்களிடமும் முறையிடுகிறேன் என்றாள். அவளை வெறுத்து, அவள் சாவைப் பார்க்க வந்து உட்கார்ந்திருந்த பெண்களே ஒரு கணம் அவள் பக்கம் சாய்ந்தார்கள். நெடுநாளாகப் பிள்ளை இல்லை என்று அவளை விரட்டிய சந்தைப் பெண்களின் இனம்தான் அவர்களும்.

படத்தின் முடிவு அதற்கு வெகு முன்னாலேயே வந்துவிடுகிறது. பால்கனிக்குத் தனியாக வருகிறாள், கீழே கூட்டம். கம்பியின்மேல் தலை படும் அளவுக்குக் குனிந்து வணங்குகிறாள், இரைச்சல் அடங்குகிறது. அடுத்து வண்டி. ஜன்னல் வழியாக மரங்களைப் பார்த்துக்கொண்டு வருகிறாள். லிண்டன் மரச் சாலையை ரசிக்கிறாயா என்கிறான் லூயி. விடைபெற்றுக்கொள்கிறேன் என்கிறாள். கடைசி ஷாட்டில் அவள் படுக்கையறை. சரவிளக்கு விழுந்து கிடக்கிறது, கதவுகள் உடைந்திருக்கின்றன, ஆள் யாரும் இல்லை. ராஜாவும் மந்திரிகளும் பேசும் அந்தத் துண்டுக் காட்சிகளை விட்டால், படத்திலேயே முதல் தடவையாகக் கேமரா அவளை விட்டு நகர்ந்திருக்கிறது.

1793 அக்டோபர் 16, விடிகாலை நாலரை மணிக்குச் சிறையில் உட்கார்ந்து அவள் நாத்தனார் எலிசபெத்துக்கு எழுதிய கடிதம் இன்னும் இருக்கிறது. எங்கள் சாவுக்கு என் மகன் ஒருநாளும் பழிவாங்க நினைக்கக் கூடாது என்று அதில் எழுதியிருக்கிறாள். கடிதம் எலிசபெத்தின் கைக்குப் போய்ச் சேரவே இல்லை. அடுத்த மே மாதம் எலிசபெத்தும் அதே மேடையில் போய்விட்டாள். 1816-இல்தான் அந்தத் தாள் வெளியே வந்தது.